மதியத்தில் மட்டும் வரும் கறை

உலகின் பெருங்குற்றங்கள் அனைத்தும் மனித மனத்தின் இருண்ட ஆழத்தில்தான் பிறக்கின்றன. இந்தக் குற்றம் ஒரு பழைய மானிட்டரின் மேல் விளிம்பில் பிறந்தது. நிறம் ஊதா.

அதைச் சொல்ல, துப்பறிவாளரின் அறைக்கு மேலாளரே நேரில் வந்திருந்தார். அடர்ந்த கருமுடி, கனத்த குரல். காதோரம் முடியில் ஒரு குண்டூசி ஒட்டிக்கொண்டிருந்தது.

“நாசவேலை சார். காலையில என் ரூம் கம்ப்யூட்டர் திரை பளிச்சுனு இருக்கு. மதியச் சாப்பாடு முடிஞ்சதும் மேல ஊதாவும் பச்சையுமா கறை. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வைரஸ் விட்டிருக்கா. சாயங்காலம் அவளை வேலையை விட்டுத் தூக்குறேன். நீங்க வந்து நிரூபிச்சுட்டுப் போனா போதும்.”

துப்பறிவாளருக்குக் கொட்டாவி வந்தது. தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுத் துப்பறியக் கூப்பிடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது. ஆனால் உதவியாளனாகிய மச்சினன் அதற்குள் பூதக்கண்ணாடியும் கையுமாக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

மேலாளரின் அறை புழுங்கியது. விசிறி ஓடவில்லை. “காகிதம் பறக்கும்” என்றார் மேலாளர். மேசையில் கம்ப்யூட்டரும் ஒரு குண்டூசி டப்பாவும் மட்டுமே இருந்தன. திரையின் மேல் விளிம்பில் அன்றைய கறை அப்படியே நின்றது.

அலுவலகமே கதவருகில் கூடியிருந்தது. ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

“வைரஸ் விடுற அளவுக்கு எனக்குத் தெரிஞ்சா, இந்த ஆபீஸ்ல ஏன் சார் உக்காந்திருக்கேன்?”

“மாமா, கைரேகை எடுக்கட்டுமா?” என்றான் மச்சினன்.

“முதல்ல அந்தப் பொண்ணோட மானிட்டரைத் தூக்கிட்டு வந்து இந்தக் கம்ப்யூட்டர்ல மாட்டு.”

மாட்டினான். திரை பளிங்காக இருந்தது.

“வைரஸ்னா இதுலயும் கறை வரணும். வரல. அப்போ கோளாறு அந்த மானிட்டரோட கண்ணாடிக்குள்ள” என்றார் துப்பறிவாளர், நாற்காலியில் சாய்ந்தபடி. “அது காத்தே இல்லாத ஒரு பெரிய குழாய். பின்னாடி கழுத்துல எலக்ட்ரான் துப்பாக்கி இருக்கு.”

“துப்பாக்கியா!”

“உக்காருடா. அது மூணு கற்றையைப் பாய்ச்சும். கழுத்தைச் சுத்தின கம்பிச்சுருள் காந்தமாகி அதை வளைச்சு, வரி வரியாத் திரை முழுக்க இழுத்துட்டுப் போகும். கண்ணாடிக்கு உள்பக்கம் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிங்க. கற்றை பட்ட புள்ளி ஒளிரும். எது எந்தப் புள்ளிக்குப் போகணும்னு குழப்பம் வராம இருக்க நடுவுல ஒரு ஓட்டைத் தகடு. பக்கத்துல வேற காந்தம் வந்தா கற்றை வழி தவறிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிடும். தகட்டுலயும் காந்தம் ஏறிடும். அதனால காந்தத்தை எடுத்த பிறகும் கறை நிக்கும்.”

“அப்புறம் காலையில எப்படி சார் போயிடுது?” என்றாள் ஆபரேட்டர்.

“மானிட்டரைப் போட்டதும் ‘டொங்’னு ஒரு சத்தம் கேக்குமே, அதுதான் ஏறின காந்தத்தை இறக்கிவிடுற சத்தம். ஆக, தினமும் மதியம் யாரோ அதுமேல காந்தம் வைக்கிறாங்க. அந்த நேரத்துல இங்க யாரு சார் வருவாங்க?”

“ஈ கூட வராது! உள்ளே தாழ் போட்டுக்குவேன். அது என் சிந்தனை நேரம்” என்று மேலாளர் முழங்கினார். முழங்கி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது.



“எதுவா இருந்தாலும் சரி, அவ வீட்டுக்குப் போக வேண்டியதுதான்” என்றார் மேலாளர்.

துப்பறிவாளர் களைப்போடு எழுந்து சுவரோரம் போனார். “ரொம்பப் புழுக்கமா இருக்கு சார். விசிறியைப் போடட்டுமா?”

மேலாளரின் இரண்டு கைகளும் தலைக்குப் போயின. “வேண்டாம்! அந்தப் பொண்ணு வேலையிலயே இருக்கட்டும். எல்லாரும் போய் வேலையைப் பாருங்க!”

ஆபரேட்டர் அவர் காதோரக் குண்டூசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

படியிறங்கும்போது மச்சினன் கேட்டான்: “தலையில எதுக்கு மாமா காந்தம்?”

“விக் நழுவாம இருக்க. காந்தம் விக்கோட உள்பக்கம் இருக்கும். ஓரத்து முடியில இரும்புக் கிளிப் மாட்டியிருப்பார்.”

“சரி, அதைக் கழட்டி மானிட்டர் மேல ஏன் வைக்கணும்?”

மானிட்டரின் மேல்பக்கம் எப்போதும் சூடாக இருக்கும். வேர்த்த விக் அதில் சீக்கிரம் காயும்.