இடமிருந்து வலமாக

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தத் தெருவில் எவனும் மெஷினைத் தொட மாட்டான். ஒரு ஆணி அடித்தால்கூட எதிர்வீட்டுக்காரி வந்து அழைப்புமணியை அழுத்துவாள். காலி பாட்டிலைத் தொட்டியில் போடுவதற்கே திங்கள்வரை காத்துக் கிடக்கிற ஜனங்கள். அப்படிப்பட்ட தெருவில், உருளைக்கிழங்கு சாலட்டும் வறுத்த பன்றியும் வயிற்றில் கனக்க, நிலவறைப் படியில் இறங்கிக்கொண்டிருந்த லோதர் பாதியில் நின்றான். பக்கத்து வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அந்தப் பக்கம் ரவுட்டர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பலகையின் ஓரத்தைச் சீவி வடிவம் கொடுக்கிற கைமெஷின். அந்தச் சத்தத்தை அவன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவான்.

முதலில் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

பக்கத்து வீடு காலி. அங்கே இருந்த கிழவன் வெண்டலினைப் புதைத்த குழியில் மண் இன்னும் அமுங்கவில்லை. மகள் கதவைப் பூட்டிச் சாவியோடு வடக்கே போய்விட்டாள். யாரோ சொந்தக்காரப் பயல் உள்ளே புகுந்து, செத்தவன் மெஷினை ஓட்டிப் பார்க்கிறான் என்று லோதர் நினைத்தான். அதுவும் என்ன ஓட்டு. மெஷினில் மாட்டிச் சுழற்றுகிற வெட்டுமுனை, அந்த பிட்டு, மழுங்கல். வேகம் தாறுமாறு. மரத்தைச் சீவவில்லை, பொசுக்குகிறான். கிழவனுக்குத் தப்பாமல் பிறந்த ரத்தம்.

வெண்டலின் பஸ் ஓட்டியவன். இலை உதிர ஆரம்பித்த நேரத்தில் வேலி ஓரம் வந்து, தொப்பியைக் கையில் கசக்கியபடி நின்றான். பேத்தி நடக்கப் பழகுகிறாள், சாப்பாட்டு மேஜையின் முனை சரியாக அவள் நெற்றி உயரத்தில் நிற்கிறது, அதைக் கூர் போக உருட்டிவிட எந்த பிட்டு வாங்கலாம் என்று கேட்டான். லோதர் அவனை நிலவறைக்குக் கூட்டிப்போய்த் தன் பிட்டுகளைக் காட்டினான். சொல்லிக்கொடுக்க இல்லை, காட்ட. பீச் மரக்கட்டையில் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு பிட்டு. ஆட்டம் காணாத தடித்த தண்டு, எஃகைவிடக் கெட்டியான கார்பைடு அலகு, ஓரத்தைத் தொட்டு உருண்டு வழிகாட்ட நுனியில் குட்டி பேரிங். முனையை உருட்டுகிற பெரிய வட்டப் பிட்டை வெண்டலின், தூங்குகிற பூனையைத் தொடுவது போல ஒரு விரலால் தொட்டான்.

"இத ஒரு நாளைக்குக் குடேன் லோதர். துடைச்சுக் கொண்டாந்துடறேன்."

"எந்தப் பக்கத்துலேருந்து தள்ளுவே? சொல்லு பாப்பம்."

"எந்தப் பக்கமா இருந்தா என்ன. ஓரம் ஓரந்தானே."

லோதர் விழுந்து விழுந்து சிரித்தான். "இடமிருந்து வலமாத் தள்ளணும்னுகூடத் தெரியாத கைக்கு இது ஒரு கேடா? உனக்குச் சூப்பர்மார்க்கெட்டுல கலர் பெயிண்ட் அடிச்சு விக்கிறான் பாரு, அந்தப் பிட்டுப் பெட்டி போதும். போ."

மேலே மாடியில் ஹெட்விக் காதில் அது விழுந்திருக்கிறது. அன்று ராத்திரி புருஷனிடம், "குடுத்துத் தொலையேன், தேஞ்சா போயிடும்?" என்று கேட்டாள்.

"தேயும்" என்றான்.

வெண்டலின் அந்தப் பெட்டியையே வாங்கினான். முதல் தடவை ஓட்டும்போதே தண்டில் அலகைப் பற்றவைத்த இடம் விட்டுப்போய், அலகு தெறித்து அவன் தொண்டையில் ஏறியது. அடக்கம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்த காபி மேஜையில், வாய் நிறையப் பின்னல் ரொட்டியோடு, மெல்லிசான தண்டை மாட்டி முழு ஆழத்தையும் ஒரே இழுப்பில் வெட்டினால் வேறென்ன ஆகும் என்று லோதர் எல்லோருக்கும் விளக்கினான். ஹெட்விக் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனாள்.

இப்போது அவன் மீதிப் படியும் இறங்கிப்போய்ச் சுவரை முஷ்டியால் குத்தினான். சத்தம் நின்றது. குழாயில் தண்ணீர் சொட்டுவதும், கொதிகலன் பெருமூச்சு விடுவதும், சன்னல் கம்பிக்கு வெளியே பனிமூட்டம் புல்லில் படிவதும்கூடக் கேட்கிற மாதிரி ஒரு நிசப்தம் வந்து, அதற்கு அடியிலிருந்து மெஷின் மறுபடி எழுந்தது. ஆனால் தாழ்ந்த குரலில். பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்திருந்தது. பொசுங்கல் வாடை போய், அறுத்த பீச் மரத்தின் லேசான தித்திப்பு மூக்கில் ஏறியது. செங்கல் சுவரில் ஊசி நுழையக்கூட வழி கிடையாது.

கிழவன் மண்டைக்கு இது எட்டாது என்று சொல்லிக்கொண்டே பணிமேஜையில் கையை ஊன்றினான்.

ஊன்றிய கை வழுக்கியது.

அந்த மேஜையின் ஓரம் எப்போதும் உள்ளங்கையில் கோடு போடும். இப்போது கோடு இல்லை. உருண்டு, வழவழவென்று, கருகல் இல்லாமல், ஒரு நார்கூடப் பிசிறாமல் இருந்தது. அவனே இவ்வளவு சுத்தமாக ஒரு நாளும் வெட்டியதில்லை. பிட்டுக் கட்டையைப் பார்த்தான். பெரிய வட்டப் பிட்டின் துளை காலி.

சத்தம் இப்போது சுவரில் இல்லை. படியில் இருந்தது.

மேலே ஹெட்விக் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணயர்வாள்.

படியைப் பிடித்து ஏறினான். முதல் படியின் விளிம்பு உருண்டை. அடுத்ததும். கால் நிற்கவில்லை. கைப்பிடி உருண்டை. கதவு நிலை உருண்டை. மாவு போல வெள்ளைத் தூள். அதில் காலடி எதுவும் இல்லை.

சமையலறை. மேஜை முனை இல்லை. ரேடியோவுக்கு முனை இல்லை. வெட்டி வைத்த ரொட்டிக்கும் இல்லை. கத்தி ஒரு கரண்டி போலக் கிடந்தது.

சத்தம் நின்றது.

"ஹெட்விக்?"

கூடத்திலிருந்து பதில் வந்தது. அவள் குரல்தான். அவன் பெயரைத்தான் சொன்னாள்.

"ஓ... அ..."

மெய்யெல்லாம் சீவிவிட்டு உயிரை மட்டும் விட்டுவைத்த மாதிரி ஒரு பெயர்.

"ஹெட்விக், எழுந்திரு. வெளிய போவோம்."

"ஓ... அ..."

நாற்காலியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தோளில் வெள்ளைத் தூள். மடியில் வெள்ளைத் தூள். தோள் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மெல்லத் திரும்பினாள். மூக்கு இருந்த இடம் வழவழப்பு. தாடை வழவழப்பு. காது இல்லை. எங்கும் ஒரு கருகல் இல்லை. பிசிறு இல்லை. குழந்தை ஓடி வந்து மோதினாலும் காயம் படாது.

அவன் பின்னால் நகர்ந்தான். நிலைக்கதவில் முதுகு இடித்தது. வலிக்கவில்லை. இடிக்க முனை இல்லை.

காதுக்குப் பக்கத்தில், தாழ்ந்த குரலில், சரியான வேகத்தில் அது எழுந்தது.

இடது காது மடலில் சில்லென்று குட்டியாக ஏதோ தொட்டது. உருண்டது.

பேரிங்.

இடமிருந்து வலமாக.