குளிர்ந்தபடி கொதித்த கிணறு

வாளித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ரம்ஸியா விரலை விட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, புத்தளத்துக்கு வெளியே இந்த அகதி முகாமுக்கு வந்து எட்டு மாதம். இந்த ஜூன் மாதம்தான், தொண்ணூற்றொன்றில், முகாமுக்கென்று ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தார்கள். அடியில் கறுத்த களி. நண்பகல் வெயிலிலும் அதற்குள்ளிருந்து ஈர இலை மக்கிய வாடையும், யாரோ வாய் நிறைய நீர் வைத்துக் கொப்பளிப்பதுபோன்ற சத்தமும் ஓயாமல் ஏறிவந்தன. நாலு நாளாய் அந்தச் சத்தம் அவள் குடிசையின் மண்தரைக்கு அடியிலும் கேட்டது. அந்தத் தரையில்தான் ஒன்றரை வயது மகன் றிஸ்வி இப்போது தூங்கிக்கொண்டிருந்தான். புருஷன் உப்பளத்துக்குக் கூலிக்குப் போயிருந்தான்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு முகாம் அலுவலகத்துக்குப் போய், கிணற்றுக்கு இடம் குறித்த நில ஆய்வு அதிகாரி விநாயகமூர்த்தியின் மேசையில் வைத்தாள். அவர் விரித்திருந்த வரைபடம் நனைந்தது.

“என்ன சேர் இது?”

“கீழே ஒரு காடு புதைஞ்சு கிடக்கு,” என்றார் அவர், நிமிராமலே. “கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தி நிலம் தாழ்ந்து போச்சு. மேல மேல மண் ஏறி அமத்த, ஆழத்துச் சூட்டிலே காடு அவிஞ்சு நிலக்கரியாச்சு. அதிலே பிறந்த வாயு அடைபட்டுக் கிடந்தது. நிலம் அசைஞ்சு பாறை வெடிச்ச இடத்தால இப்ப மேல வருது.”

“வெடிப்பு எவடத்தால போகுது?”

வரைபடத்தில் அவர் பென்சில் கிணற்றில் தொடங்கி, குடிசை வரிசையின் அடியால் நேராகப் போயிற்று.

“எப்பவிருந்து தெரியும்?”

“போன வருஷம் துளை போட்டுப் பாத்தனாங்கள். யுத்த நேரம், தங்கச்சி. நிலக்கரிக் கதையெல்லாம் வெளிய கதைக்கேலாது.”

“ஊரை விட்டுத் துரத்தினவனுகளாவது போகச் சொன்னானுகள். நீங்க தெரிஞ்சுகொண்டு இரிக்கச் சொன்னீங்களே!”

“சத்தம் போடாதீங்க. நெருப்புக் காட்டாட்டி ஒண்டும் நடக்காது.”

நெருப்பு.

அன்று கிணற்றில் சேறு அள்ள, முந்தல் ஊரிலிருந்து கிணறு வெட்டும் யாகப்பு வந்திருந்தார். கிணறு வெட்டுகிறவர்கள் இறங்குமுன் கயிற்றில் மண்ணெண்ணெய்க் குப்பிலாம்பைக் கொளுத்திக் கட்டி உள்ளே விடுவார்கள். அணைந்தால் கெட்ட காற்று. எரிந்தால் இறங்கலாம். “மேல அந்தோனியார், கீழ இந்த லாம்பு, ரெண்டு பேரும்தான் எனக்குக் காவல்,” என்று காலையில்தான் சிரித்தார்.

ஓடினாள். மணல் காலை இழுத்தது.

“யாகப்பண்ணே! விளக்கை விடாதீங்க!”

யாகப்பு நிமிர்ந்தார். கயிறு கையில் தளர்ந்திருந்தது. “விட்டிட்டன் புள்ள. பாரு, நல்லா எரி—”

பெரிய சத்தமில்லை. ஒரு மூச்சு. அவர் நின்ற இடத்தில் அவர் இல்லை.

நெருப்பைத் தேடினாள். உச்சி வெயிலில் எதுவும் தெரியவில்லை. மணலுக்கு மேல் காற்று மட்டும் நடுங்கியது. கிணற்றிலிருந்து நேர்கோடாய், பென்சில் போன வழியே. முதல் குடிசையின் ஓலை தானாகவே சுருண்டு கறுத்தது. பிறகு இரண்டாவது.

மூன்றாவது அவளுடையது.

வாசலில் றிஸ்வி நின்றான். தூக்கம் கலைந்த முகம். தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினான். அவளுக்கும் அவனுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிய ஒன்றுமே இல்லை. வெறும் வெயில்.

அந்த வெயிலுக்குள் அவன் முதல் அடியை எடுத்து வைத்தான்.