மர்சலின் டீச்சரின் கைநாட்டு

ஹாலில் ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே, நான்கு நாட்களுக்கு முன் அடித்த வெள்ளைப் பெயின்ட்டின் மேல், ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த கரோல் தோள்பையைக்கூடக் கீழே வைக்காமல் அதைத்தான் முதலில் பார்த்தாள். பெயின்ட்டர் பையன்கள் யாராவது கையை வைத்திருப்பார்கள் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தாள். மை உடனே வந்துவிட்டது. அப்படி உடனே வந்ததுதான் பிறகு சமையல் செய்யும்போதெல்லாம் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. நான்கு நாளில் மை காய்ந்திருக்க வேண்டும் அல்லவா.

அந்த வீட்டைத் தன் வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இன்னும் உரிமை வரவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில், பெரிய சாலையிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே, பழைய கட்டடத்தின் முதல் மாடி. விற்கிறவன் லியோனார்ட். ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்தவன், ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன். நம்ம பங்கு ஆளு, நம்மள ஏமாத்துவானா என்று கரோலின் கணவன் ஃபிரெட்ரிக் கேட்டான். பக்கத்துப் பெஞ்சில் முழங்காலில் நிற்கிற மனுஷனிடம் வில்லங்கச் சான்று கேட்பதையே மரியாதைக் குறைவாக நினைக்கிற ஜனங்கள் இவர்கள். கரோலும் கேட்கவில்லை. அப்பா விட்டுப்போன நிலத்தை விற்று வந்த பணம் முழுவதையும் முன்பணமாகக் கொடுத்தாள். ஒப்பந்தம் அவள் பெயருக்கே எழுதப்பட்டது.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம். மூலப்பத்திரத்தைக் காணோம் என்றார்கள், கிடைத்தது என்றார்கள். பட்டாவில் இனிஷியல் தப்பு, வங்கி வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, சர்வர் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு மாதமும் லியோனார்ட் இன்னும் பத்தே நாள் என்றான். கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது. வீடு அவன் பெயரிலேயே இல்லை. அவனுடைய அம்மா மர்சலின் டீச்சர் பெயரில் இருந்தது. டீச்சர் அதே வீட்டின் படுக்கையறையில்தான் படுத்திருந்தார், விற்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதற்குள் அசோக் நகர் வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். கரோல் அந்த நாட்களில் வாய்விட்டு அழுதிருக்கிறாள், ஒரு நாள் வகுப்பறையில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டுகூட.

ஜூலையில் டீச்சர் இறந்துபோனார். ஒரு வாரம் கழித்து உயில் ஒன்று வந்தது. வீடு முழுவதும் மகன் லியோனார்டுக்கு, நங்கநல்லூரில் இருக்கும் மகளுக்கு ஒன்றுமில்லை. அதோடு எல்லாச் சிக்கலும் தீர்ந்தது. பதிவுக்கு முன்பே லியோனார்ட் சாவியைக் கையில் கொடுத்து, குடி வந்துவிடுங்கள் என்றான். பங்குச் சாமியார் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். வருகிற வியாழக்கிழமை பதிவு.

மறுநாள் ரேகை சமையலறைக் கதவு நிலையில் இருந்தது. அதற்கு மறுநாள் குளியலறைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில். எல்லாமே இடுப்பு உயரத்தில், கூன் விழுந்த ஒருவர் நடக்கும்போது பிடித்துக்கொள்ளத் தோதான இடங்களில். வாசனையும் வந்தது. பதிவு அலுவலகங்களிலும் தபால் நிலையங்களிலும் வரும் அந்த இங்க் பேடின் வாசனை, கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் மருந்தாக, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் மழை ஈரத்தோடு கலந்து திரைச்சீலையில் தங்கி, இரவு தலையணையில் முகத்தை வைத்தால் தலையணைக்குள்ளிருந்து எழும்பியது. விடியற்காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போகும்போது அடுத்த அறையில் மெதுவான ஒரு சத்தம். மேசைமேல் ஈரமான எதையோ வைத்து அழுத்தி எடுப்பதுபோல. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

செவ்வாய்க்கிழமை தலையணை உறையிலேயே ரேகை இருந்தது. ஃபிரெட்ரிக்கைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் பார்த்தான், உறையைக் கழற்றினான், வாளியில் முக்கினான். பெயின்ட்டர் பசங்க கை என்றான். படுக்கையறைக்குள் பெயின்ட்டர் ஏன் தலையணையைத் தொடப்போகிறான் என்று அவள் கேட்டதற்கு, பதிவு முடியட்டும், எல்லாம் சரியாயிடும் என்றான். இருபது வருஷமாகச் சின்னக் கரப்பான்பூச்சிக்குக்கூட நூறு கேள்வி கேட்கிற மனிதன், யாருடைய கை இது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

புதன்கிழமை மதியத்திலிருந்து மழை. ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. லியோனார்ட் மறுநாள் பதிவுக்கான கோப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விடுபட்ட ஏதோ ஒரு தாளை நகலெடுக்க ஃபிரெட்ரிக்கையும் கூட்டிக்கொண்டு போனான். கரோல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் கோப்பைப் புரட்டினாள். பதினான்கு மாதம் காத்திருந்த காகிதங்கள். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது, அந்த ஆசை அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நடுவில் உயில் இருந்தது. அதுவரை அவள் பார்த்ததில்லை. கடைசிப் பக்கத்தில் மர்சலின் என்று டைப் அடித்த பெயருக்கு மேல், ஊதா மையில், இடது கைப் பெருவிரல் ரேகை.

கரோல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் வகுப்பில் அவளுக்கு நாலு கோடு நோட்டில் எழுத்துப் பழக்கியவர் மர்சலின் டீச்சர். கோயிலில் ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதுவதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, ஈஸ்டருக்கு, கரோலுக்கே ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தார். ஒரு எழுத்துகூட நடுங்கியிருக்கவில்லை. அந்தக் கை ஏன் கைநாட்டு வைக்க வேண்டும். அடக்கத்தன்று பெட்டிக்குள் டீச்சரின் இரண்டு கைகளிலும் வெள்ளைக் கையுறை போட்டிருந்தது ஞாபகம் வந்தது. எல்லாருக்கும் போடுகிற வழக்கம்தான். அன்று அவள் ஒன்றும் நினைக்கவில்லை.

ரேகைக்குக் கீழே சாட்சிகள் இரண்டு பேர். முதல் பெயர் லியோனார்டின் நண்பன் செம்பியன். இரண்டாவது கையெழுத்தை அவள் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷமாக ரேஷன் கார்டிலும் பிள்ளை இல்லாத வீட்டின் எல்லா விண்ணப்பங்களிலும் பார்த்த கையெழுத்து.

ஃபிரெட்ரிக் மட்டும் திரும்பி வந்தான். லியோனார்ட் கீழே வண்டியில் இருக்கிறானாம். அவள் உயிலைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள். அவன் உட்காரவில்லை. சட்டையிலிருந்து மழைத்தண்ணீர் தரையில் சொட்டியது.

"டீச்சருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்ங்க" என்றாள்.

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். முதலில் எதையெதையோ சொன்னான். வாடகை வீட்டுக்காரர் கொடுத்த நெருக்கடியை, அவள் இரவில் அழுததை, உனக்காகத்தான் என்பதை. பிறகு டீச்சர் இறந்த அன்று காலை நடந்ததைச் சொன்னான். லியோனார்ட் போன் செய்து அம்மா போய்விட்டாள் என்றானாம். இவன் ஓடி வந்தானாம். தாள் முன்பே டைப் அடித்துத் தயாராக இருந்ததாம்.

"மூச்சு நின்னுடுச்சுன்னு அவன்தான் சொன்னான், கரோல். நான் கையப் பிடிச்சேன். சூடாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"விரல ஒருவாட்டி உள்ள மடக்குனாங்க." அவன் அவளைப் பார்க்கவில்லை. "நரம்புன்னு லியோ சொன்னான். செத்த பிறகும் இழுக்குமாம்."

"டாக்டரை எப்போ கூப்பிட்டீங்க?"

அவன் உயிலைக் கவிழ்த்து வைத்தான். பக்கத்து அறையில், ஈரமான எதையோ மெதுவாக அழுத்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அவனுக்கும் கேட்டது. அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. உள்ளே ஏதோ கழன்று விழுந்துவிட்டது, அவ்வளவுதான். நாளைக்குப் பதிவுக்கு வர மாட்டேன் என்றாள். காலையில் முதலில் சாமியாரிடம், பிறகு நங்கநல்லூருக்கு, டீச்சர் மகளிடம். பணம் போனால் போகட்டும். ஃபிரெட்ரிக் பதினாலு மாசம் கரோல் என்று மட்டும் சொன்னான். லியோனார்டிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று படியிறங்கிப் போனான்.

கதவு சாத்திக்கொண்டது. மழைச் சத்தம் இன்னும் கிட்டே வந்தது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் விளக்கு ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சுவரில் சாய்த்திருந்தது. அந்த நிழல்களுக்கு நடுவே, ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே, ஒரு ரேகை.

போன் வெளிச்சத்தைத் திருப்பினாள்.

ஒன்றல்ல. படுக்கையறைக் கதவிலிருந்து வரிசையாக. நிலையில், சுவரில், அலமாரியின் விளிம்பில், ஃப்ரிட்ஜில். எல்லாம் ஈரம். கடைசி ரேகை சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரில்.

எழுந்தாள். சாவி எங்கே. செருப்பு வேண்டாம். கதவை நோக்கி நடந்தாள்.

வாசனை பின்னால் வந்தது.

பிறகு முன்னால்.

போன் தானாக அணைந்தது. அருளாலே நிறைந்த மரியே என்று ஆரம்பித்தாள். நாக்கு அதற்குமேல் வரவில்லை. கதவின் தாழ்ப்பாள் விரலில் பட்டது. பட்டதும், வலது இமையின் மேல் ஏதோ வந்து அழுந்தியது. குளிர்ச்சியாக. ஈரமாக. வன்மம் எதுவும் இல்லாமல், பெட்டி மூடும் முன் செய்வதுபோல, இமையைக் கீழே இறக்கியது.

இடது இமை.

அவ்வளவுதான்.

விழுந்தது தெரிந்தது. தலை தரையில் பட்டது தெரிந்தது, வலிக்கவில்லை. கண் திறக்கவில்லை. வாய் திறக்கவில்லை. காது மட்டும் கேட்டது. மழை. படியில் கால்கள், இரண்டு பேர். கதவைத் தள்ளும்போது அது அவள் காலில் இடித்து நின்றது. ஃபிரெட்ரிக் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டான். அவனுடைய கண்ணீர் அவள் கழுத்தில் சூடாக விழுந்தது. அவளுக்கு அந்த ஒரு கணம் எல்லாம் மன்னித்துவிடலாம் போல இருந்தது.

யாரோ அவள் மூக்கின் கீழே விரல் வைத்தார்கள்.

"மூச்சு இல்ல, பிரதர்" என்றது லியோனார்டின் குரல்.

இருக்கிறது என்று கரோல் சொன்னாள். எங்கேயும் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி ஃபிரெட்ரிக் அழுதான். கூப்பிடலாம் என்றான் லியோனார்ட். மழைக்கு எப்படியும் அரை மணி நேரம் ஆகும் என்றான்.

"அக்ரிமென்ட்டு அவங்க பேர்ல கீது" என்று மெதுவாகச் சொன்னான். "இப்டியே வுட்டா உனக்கு வீடும் இல்ல, துட்டும் இல்ல. பேர் மாத்தி ஒரு தாள். போன வாரத் தேதி போட்டுக்கலாம். கைல அடி, அதான் கைநாட்டுன்னு எழுதிக்கலாம்."

ஃபிரெட்ரிக் வேண்டாம் என்று சொல்வான் என்று கரோல் காத்திருந்தாள். அவனுடைய மூச்சு அவள் நெற்றியில் பட்டுக்கொண்டிருந்தது. எழுந்து லியோனார்டை வெளியே தள்ளுவான். அவனை அவளுக்குத் தெரியும். இருபது வருஷம்.

அவன் அழுதான். நிறைய நேரம் அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

தகர மூடி திறக்கும் சத்தம். இங்க் பேடின் வாசனை.

அவளுடைய இடது கையைத் தூக்கியது அவனுடைய கைதான். அந்தக் கல்யாண மோதிரம் அவளுக்குத் தெரியும். கரோல் தன்னிடம் மிச்சமிருந்த எல்லாவற்றையும் அந்தக் கைக்கு அனுப்பினாள். பெயர், பயம், உயிர், எல்லாம்.

பெருவிரல் மடங்கியது.

உள்ளங்கைக்குள், மெதுவாக, நன்றாகவே மடங்கியது. மற்ற விரல்கள் அதன்மேல் வந்து மூடிக்கொண்டன.

ஃபிரெட்ரிக்கின் மூச்சு நின்றது. பார்த்துவிட்டான். அவள் கையைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். லியோனார்ட் ஒன்றுமே சொல்லவில்லை. மழை மட்டும் பெய்தது.

"நரம்பு" என்றான் ஃபிரெட்ரிக்.

பிறகு அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், பிரிக்க ஆரம்பித்தான்.