பின் இருக்கைத் திரை

செவ்வாயில், நீர்மனைக் குடியிருப்பில், ஒருவரை ஒருவர் பார்த்ததும் "கொடுத்தாச்சா?" என்று கேட்பார்கள். பூமியில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது போல. "காலையிலயே ஆச்சு" என்று பதில் வரும். "நல்லது" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

கொடுப்பது சிறுநீர். அந்த ஊருக்கு ஆறு, ஏரி, மழை எல்லாம் அதுதான். இன்று கொடுத்தது நாளை சுத்தமாகிக் குவளைக்கு வரும். துருவத்திலிருந்து வெட்டி வரும் பனிக்கட்டி, இடையில் குறையும் நீரை ஈடுகட்ட மட்டுமே போதும். அதனால் பள்ளி மேசையிலும், மன்றக் கூடத்திலும், பனி வெட்டப் போகும் ஊர்திகளின் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு சேர்குழல் இருந்தது. உடையிலுள்ள மூடியைத் திருப்பிக் குழலைப் பொருத்தினால் போதும்; யாரும் எதையும் பார்க்க முடியாது. கொடுத்து முடித்ததும் தலைக்கு மேல் பச்சை விளக்கு எரியும். பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் கைப்பிடியை இரண்டு முறை தட்டுவார்கள். அது நன்றி.

மருத்துவர் இளம்பரிதி அங்கேயே பிறந்தவர். அந்தத் தட்டல் கேட்காத ஒரு நாளை அவர் அறிந்ததில்லை.

அன்று பனி வெட்டப் போய்த் திரும்பிய ஊர்தி ஒன்று, ஊர் எல்லைக்குச் சற்று முன்னால், பள்ளத்தில் மூக்குக் குத்தி நின்றது. வந்தவர்களுக்குச் சிராய்ப்பும் வீக்கமும்தான். ஒருத்திக்கு மட்டும் அடிவயிற்றில் வலி. பெயர் செண்பகவல்லி. பனிக்கட்டியின் தூய்மையைச் சோதிக்கும் வேலைக்கு நான்கு வருட ஒப்பந்தத்தில் கோவில்பட்டியிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இடுப்பு வாரின் தடம் வயிற்றில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"வலி எங்க?" என்று கேட்டார் இளம்பரிதி.

"லேசாத்தான் சார்."

"எங்கன்னு கேட்டேன்."

"இங்கிட்டு எல்லாமும்."

நீர்மனை வழக்கப்படி அறைக் கதவு திறந்தே இருந்தது. ஊர்தியில் வந்தவர்களும் கணவன் பால்பாண்டியும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவள் சுவரைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"அதுக்கப்புறம் கொடுத்தீங்களா?"

"வரல."

அவர் அவளை உடலாடிக்குள் படுக்க வைத்தார். உடலை ஊடுருவிப் பார்த்து, இரத்தத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் தானே கத்தியையும் எடுக்கும் இயந்திரம் அது. ஊரின் எல்லாச் சேர்குழல்களும் அதற்குக் கணக்குச் சொல்லும். சிறுநீர்ப்பை சுருங்கிக் கிடந்தது. வயிற்றுக்குள் நீர் கோத்திருந்தது; சிறுநீரகம் நின்றாலும் அப்படிக் கோக்கும். மறுநாள் பார்த்தபோது இரத்தத்தில் கழிவுகள் ஏறியிருந்தன. அதற்கு மறுநாள் இன்னும் ஏறின. அவளுடைய இருக்கைக் குழல், காலையில் புறப்பட்டதிலிருந்தே ஒரு துளியும் பெறவில்லை.

உடலாடி தயங்கவில்லை. விபத்துக்கு முன்பிருந்தே சிறுநீரகங்கள் வேலை செய்யவில்லை. இரண்டையும் மாற்ற வேண்டும் என்றது.

இளம்பரிதியும் தயங்கவில்லை. நாள் முழுக்கக் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க ஒன்றும் இல்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? பழைய நோயாளிகளின் கணக்கு முழுவதிலும் இதற்கு வேறு காரணம் இருந்ததில்லை.

பால்பாண்டியைத் தனியே கூப்பிட்டார். அவளுடைய அணுக்களிலிருந்தே புதிய சிறுநீரகங்கள் வளர்க்கலாம், உடல் ஏற்றுக்கொள்ளும் என்றார். பிறகு, சொல்ல வேண்டியதையும் சொன்னார். இங்கே வளர்ப்பவை இங்கத்து எடைக்குப் பழகியவை. பூமியின் எடையில் கிழிந்துவிடும்.

"அப்படின்னா ஊருக்கு?"

"போக முடியாது."

"உசுரோட இருந்தாப் போதும் சார். செய்ங்க" என்றான் பால்பாண்டி.

வளர்ந்து முடியும்வரை அவளுடைய இரத்தத்தை ஒரு வடிகட்டி கழுவிக்கொண்டிருந்தது. வயிற்றில் கிருமி பரவாமலிருக்க மருந்தும் ஏறியது. பிறகு உடலாடி முதுகுப்புறமாகத் திறந்து பழையவற்றை எடுத்தது. அவளுடைய சிறுநீர்க் குழாய்களையே புதியவற்றோடு இணைத்து மூடியது. வயிற்றைத் தொடவே இல்லை. எடுத்தவற்றை அந்த ஊரின் எல்லாவற்றையும் போலவே மறுசுழற்சிக்கு அனுப்பியது. வீணாகும் பொருள் என்று நீர்மனையில் எதுவுமில்லை.

வடிகட்டியை நிறுத்தினார்கள். கழிவுகள் மறுபடி ஏறின. சிறுநீர் வரவில்லை.

புதியவையும் வேலை செய்யவில்லை, இன்னொரு சோடி வளர்க்க வேண்டும் என்றது உடலாடி.

இதைச் சொல்லத்தான் இளம்பரிதி பால்பாண்டியைத் தேடிப் போனார். அவன் உணவுக்கூடத்தில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். மனைவியைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

"கிட்னி போயிருச்சுன்னு சொல்றீங்க. அவளுக்கா சார்? இரும்பு சார் அவளுக்கு. பள்ளிக்கூடம் படிக்கையில காலையில வீட்டுல போனா சாயங்காலம் வீட்டுலதான். அங்க கக்கூஸ்ல கால் வைக்க முடியாது. கல்யாணம் முடிஞ்சு மெட்ராஸுக்கு பஸ்ல கூட்டிட்டுப் போனேன். பஸ்ஸு நாலு எடத்துல நின்னுச்சு. நான் நாலு எடத்துலயும் எறங்குனேன். இவ எறங்கணுமே! அம்புட்டு நேரமும் அடக்கிக்கிட்டே வந்துட்டா."

"எதை?" என்றார் இளம்பரிதி.

"எதையா? அதைத்தான் சார்."

"வந்தும் கொடுக்காம இருந்தாங்களா?"

"ஆமா."

"ஏன்?"

பால்பாண்டி அவரை நிமிர்ந்து பார்த்தான். விளையாடுகிறாரோ என்று நினைத்தான் போலும். "என்ன சார் கேள்வி இது? வெக்கமா இருக்காதா?"

இளம்பரிதி எழுந்து நடந்தார். பிறகு ஓடினார்.

அறையிலிருந்தவர்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு அதுவரை சாத்தப்பட்டதில்லை. கீல் முனகியது.

"அம்மா, ஊர்தி மோதும்போது உங்களுக்கு அவசரமா இருந்ததா?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று செண்பகவல்லி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அழ ஆரம்பித்தாள்.

"காலையிலருந்தே சார். அந்த லைட்டு எரியும், எல்லாரும் தட்டுவாங்க. எப்படி சார்? வீட்டுக்குப் போயிப் பாத்துக்கிடலாம்னு இருந்துட்டேன். பெல்ட்டு இழுத்தப்ப உள்ள என்னமோ பட்டுன்னு விட்ட மாதிரி இருந்துச்சு. அதோட அவசரம் நின்னு போச்சு." கண்ணைத் துடைத்தாள். "அப்பாடான்னுதான் இருந்துச்சு சார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே. அம்புட்டுப் பேரு வேற நின்னாங்க."

மெல்லிய குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார். இரத்தம் கலந்து சிறிது வந்தது. படத்தில் தெரியக்கூடிய சாயத்தைக் குழாய் வழியே நிரப்பினார். காலிப் பை அடியைத் தாங்கும். நிரம்பிய பை, நீர் நிரப்பிய பலூன் போல, மிக மெலிந்த இடமான உச்சியில் வெடிக்கும். சாயம் பைக்குள் நிற்கவில்லை. உச்சியிலிருந்த கிழிசல் வழியே வழிந்து குடல் மடிப்புகளுக்கிடையே பரவியது. சிறுநீரகங்கள் ஒரு நாளும் ஓயவில்லை. அவை பிரித்ததெல்லாம் வயிற்றுக்குள் கொட்ட, வயிறு அதை மறுபடி இரத்தத்தில் சேர்த்துக்கொண்டிருந்தது. பழையவையும் அதைத்தான் செய்தன. புதியவையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தன.

வயிற்றைத் திறந்து கழுவினார். சிறுநீர்க் குழாய்கள் இரண்டும் முழுதாக இருக்கின்றனவா என்று சாயம் விட்டுப் பார்த்தார். இருந்தன. கிழிசலை இரண்டு அடுக்காகத் தைத்தார். சின்னத் தையல். ஆறும்வரை பை நிரம்பாமலிருக்க வடிகுழாய் வைத்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடி சாயம் நிரப்பினார். ஒரு சொட்டும் கசியவில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். எடுத்தவை நல்ல சிறுநீரகங்கள் என்பதையும் சொன்னார்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. "ஊர்ல அம்மாட்ட என்னன்னு சொல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

செய்ய முடிந்த ஒன்றைச் செய்தார். மன்றத்துக்குப் போனார். ஒவ்வொரு ஊர்தியிலும் பின் இருக்கையைச் சுற்றி ஒரு திரை வேண்டும், விளக்கு வேண்டாம் என்றார்.

மன்றத் தலைவிக்குப் புரியவில்லை. "மறைக்கிறதுக்கு நாம என்ன திருடவா செய்யுறோம்?"

"பூமியிலேர்ந்து வர்றவங்களுக்கு."

"அவங்க மட்டும் திரைக்குப் பின்னால போகட்டும்னா, அவங்களைத் தனியா வச்ச மாதிரி இருக்காதா?"

"அப்ப எல்லாரும் போவோம்."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். செண்பகவல்லிக்காக ஊரே வருந்தியிருந்தது. மற்ற இருக்கைகளின் குழல்களைக் கழற்றினார்கள். பச்சை விளக்குகளை எடுத்தார்கள். திரை தொங்கியது.

முதலில் திரையைக் கண்டு சிரித்தார்கள். பிறகு யாராவது திரைக்குப் பின்னால் போனால் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள். பள்ளியிலும் துருவத்துப் பனி முகாமிலும் திரை வந்தது. கொடுத்தாச்சா என்று கேட்பது எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. ஊர் நீர்த்தொட்டியின் மட்டம் சற்று இறங்கியது. குழாய்களில் கசிவு இருக்கும் என்று தேடினார்கள்.

நான்கு வருட ஒப்பந்தம் முடிந்து, கூட வந்த மற்றவர்கள் பூமிக்குத் திரும்பினார்கள். செண்பகவல்லியும் பால்பாண்டியும் வழியனுப்பிவிட்டு வந்தார்கள்.

அந்த வாரம் துருவ முகாமில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு இளம்பரிதி ஊர்தியில் திரும்பிக்கொண்டிருந்தார். எதிர் இருக்கையில் செண்பகவல்லி. பாதி வழியில் அவள் எழுந்து, எல்லோரையும் கடந்து, திரைக்குப் பின்னால் போனாள். ஊர்தியில் பேச்சு நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சார், கொடுத்தாச்சா?"

இரண்டு இளைஞர்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருத்தி இருமினாள்.

இளம்பரிதி காலையில் முகாமில் இரண்டு குவளை நீர் குடித்திருந்தார். முகாமில் திரைக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். இங்கே பின் இருக்கைவரை எல்லோர் முன்னாலும் நடக்க வேண்டும். திரையை விலக்கினால் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

"கிளம்பும்போதே ஆச்சும்மா" என்றார்.

அவள் கைப்பிடியை இரண்டு முறை தட்டினாள்.

முன்னாலிருந்து ஓட்டுநரின் குரல் வந்தது. "பள்ளம் வருது. பெல்ட்ட நல்லா இறுக்கிக்கங்க."

இளம்பரிதி வாரை இறுக்கினார். அடிவயிற்றில் அது எங்கே அழுத்துகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கால்களை ஒட்டி வைத்துக்கொண்டார்.