தூசியில் எழுதிய பெயர்கள்

"ஜீலான், இது யாரு பேரு?" கைப்பேசியைக் காட்டிக் கேட்டான் ஹாஸிம்.

"உன் பேருதான்டா."

"என் பேரா? பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு!"

ஜீலானுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அரபி எழுத்துகள் வலமிருந்து இடமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும். படத்தில் எழுத்துச் சேர்க்கும் செயலியோ அவற்றைத் துண்டு துண்டாக்கி, இடமிருந்து வலமாக அடுக்கியிருந்தது.

மூன்று மணிக்குப் பள்ளியில் மூவரும் எடுத்த படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். மிஷ்மிஷ் என்ற பூனையின் கதை, நான்கே நிமிடம். தொடக்கத்தில் வரும் பெயர்கள் மட்டும்தான் பாக்கி.

"பேரு நெருப்புக்குள்ளேருந்து வரணும்னு நான் அப்பவே சொன்னேன்" என்றான் ஹாஸிம்.

"நெருப்புல வந்தாலும் எழுத்து திரும்பித்தான் வரும்" என்றாள் படம் பிடிக்கும் ரீம். "பேசாம பேரே இல்லாம நேரா பூனையில ஆரம்பிப்போம். சில படம் அப்படித்தான் வருது."

"எங்கம்மா என் பேரைப் பாக்கத்தான் லீவு போட்டிருக்காங்க!" என்றான் ஹாஸிம்.

ஜீலானுக்குப் பாவமாக இருந்தது. ஜன்னல் வழியே ஷுப்ரா தெருவைப் பார்த்தாள். நேற்று அடித்த கம்சீன் மணற்காற்றில் பக்கத்து வீட்டுக் கிர்கிஸ் மாமாவின் கார் மண்ணில் குளித்திருந்தது. கண்ணாடியில் யாரோ விரலால் 'என்னைக் கழுவுங்க' என்று எழுதியிருந்தார்கள். எழுத்துகள் ஒழுங்காகக் கைகோத்துக்கொண்டு போயின.

"ரீம், கேமராவை எடு!" என்று கத்தினாள்.

விஷயத்தைக் கேட்டதும் கிர்கிஸ் மாமா இடுப்பில் கை வைத்து நின்றார். "என் கார் என்ன கரும்பலகையா?"

"எழுதி முடிச்சதும் நாங்களே கழுவித் தர்றோம், மாமா."

"சக்கரமும்?"

"சக்கரமும்."

"அப்போ என் பேரும் வரணும்."

முதலில் மிஷ்மிஷை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தாள் ஜீலான். பின் கண்ணாடியில் படத்தின் பெயர், கதவுகளில் மற்றவர்கள் பெயர், முன் கண்ணாடியில் கிர்கிஸ் மாமா பெயர். ஒவ்வொன்றும் விரல் எழுத எழுத உருவாவதை ரீம் படம் பிடித்தாள். கடைசியாக ஹாஸிம் ஒரு வாளித் தண்ணீரை முன் கண்ணாடியில் வீசினான். சேறு வழிந்து இறங்க, உள்ளே மிஷ்மிஷ் கொட்டாவி விட்டது. படம் அங்கிருந்து தொடங்கியது.

மூன்று மணிக்கு, திரையில் விரல் ஹாஸிம் பெயரின் கடைசி எழுத்தைத் தொடுவதற்குள் அவன் அம்மா, "என் புள்ள பேரு!" என்று கூவிக் குலவையிட்டார். தன் பெயர் வந்ததும் கிர்கிஸ் மாமா எழுந்து நின்று நாலாபுறமும் கை காட்டினார்.

அதன்பிறகு அவர் யாரையும் காரைக் கழுவ விடுவதில்லை. அடுத்த படத்துக்குத் தூசி வேண்டுமாம்.