வேறு இடத்தில் கேட்டவர்கள்

மேரிலாந்தில், எந்த வானொலியை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனியின் வாசலில் கார் நின்றபோது வெர்லீன் ஹக்கபிக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. அலபாமாவிலிருந்து இரண்டு நாள் பயணம். காரை ஓட்டிய கார்ல்ட்டன் புரூயிட் வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தார். அவர் வானொலி நிலையத்தின் முதலாளி, புலம்பலாம். அவள் அதே நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவள், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நிலையத்தின் பெயர் புறா. ஹாலோ கிராஸிங் ஊருக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தேவாலயப் பாட்டு. காலை ஏழு நாற்பதுக்குத் துக்கச் செய்தி. யார் போய்விட்டார், எத்தனை மணிக்கு அடக்கம் என்று வெர்லீன் வாசிப்பாள். வாசித்து முடித்ததும் ஊர்ப் பெண்கள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைப்பார்கள். துக்க வீட்டுக்குக் கோழி பொரித்துக் கொண்டுபோவது அங்கே வழக்கம். அவள் வாசிக்காத சாவு அந்த ஊரில் சாவே இல்லை.

மூன்று வருடம் முன்பு நெடுஞ்சாலைக்கு எதிர்ப்புறம் சேவல் என்று ஒரு நிலையம் வந்தது. கன்ட்ரி என்கிற நாட்டுப்புறப் பாட்டு, கால்பந்து, போன் செய்தால் பரிசு. அன்றிலிருந்து புறாவுக்கு ஏழரை.

"இந்தத் தடவையும் சேவல் முந்திடுச்சுன்னா, வெர்லீன், நானும் கன்ட்ரிதான். பைபிளை வச்சுக்கிட்டு எத்தனை நாள் கரண்ட் பில் கட்டுறது?" என்றார் புரூயிட்.

"துக்கச் செய்தியை மட்டும் விட்ருங்க மிஸ்டர் கார்ல்ட்டன்."

"செத்தவங்க பேரைக் கேட்டுக்கிட்டு எவன் உக்காந்திருப்பான்?"

அவர்கள் பார்க்க வந்தது சின்னச் சின்னப் புத்தகங்களை. கம்பெனி சில வீடுகளுக்கு அவற்றைத் தபாலில் அனுப்பும். வியாழன் முதல் புதன்வரை, எந்த நேரம் எந்த நிலையம் கேட்டோம் என்று எழுத வேண்டும். எங்கிருந்து கேட்டோம் என்பதற்கு நான்கு கட்டங்கள்: வீடு, கார், வேலையிடம், வேறு இடம். பெயர் வேண்டாம். நிலையத்துக்காரர்கள் நேரில் வந்தால் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்க விடுவார்கள். எடுத்துப் போக முடியாது.

ஜன்னல் இல்லாத அறையில், அட்டைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். சேவல், சேவல், சேவல். ஒருத்தி காரில் பத்து நிமிடம் புறா கேட்டிருந்தாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. புரூயிட் எரிச்சலோடு காபி தேடிப் போனார்.

பெட்டியின் அடியில் கடைசிப் புத்தகம். தொட்டதும் விரலில் ஏதோ ஒட்டியது.

செம்மண். ஈரம் காயாத செம்மண்.

வயது எண்பத்தொன்று என்று எழுதியிருந்தது. ஊதா மை, நடுங்கும் கோழிக்கிறுக்கல். வியாழன் முழுக்கப் புறா. வெள்ளி முழுக்கப் புறா. நிலையம் மூடிய பிறகும், நள்ளிரவிலும், விடியும்வரை புறா. ஒவ்வொரு வரியிலும் டிக் விழுந்திருந்தது ஒரே கட்டத்தில்தான்.

வேறு இடம்.

ஏழு நாற்பதுக்கு நேராக, தினமும், அன்று துக்கச் செய்தியில் கேட்ட பெயர்கள். ஒன்றையும் அவள் வாசித்ததாக நினைவில்லை. அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். அந்த வாரம் இன்னும் வரவில்லை. வரும் வியாழக்கிழமைதான் தொடங்குகிறது.

புதன்கிழமைப் பக்கம். ஏழு நாற்பது. ஒரே பெயர்.

ராய்ஸ் ஹக்கபி.

அவள் கணவன். பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக். ஐம்பத்தெட்டு வயதில் டயரை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவன்.

கடைசியில், 'கருத்து ஏதேனும் உண்டா?' என்று அச்சடித்த பக்கத்தில் ஒரு வரி: *என் பேரு மட்டும் இன்னும் வரல.*

எழுதியது யார் என்று வெர்லீனுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் ஐந்து சாவு. துக்கச் செய்தி மூன்று நிமிடத்தைத் தாண்டினால் ஆட்கள் சேவலுக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்று புரூயிட் கறாராகச் சொல்லியிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தாள். தாளின் கடைசிப் பெயரை விட்டுவிட்டுப் பாட்டைப் போட்டாள். ஐடெல்லா கிரம்ப், வயது எண்பத்தொன்று. பிள்ளை குட்டி இல்லாதவள். தினமும் காலையில் போன் செய்து, "இன்னிக்கு நல்லா வாசிச்சேம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் அடக்கத்துக்குப் போதகரும் குழி வெட்டுகிறவரும் மட்டும்தான் நின்றார்களாம். ஒரு கோழி பொரியவில்லை. வெர்லீன் இதை யாரிடமும் சொன்னதில்லை, ராய்ஸிடம்கூட.

காபியோடு வந்த புரூயிட் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தார். "எவனோ வேலை மெனக்கெட்டு விளையாடியிருக்கான். ஆனா பாரு, ராத்திரி பகலா நம்மளையேதான் கேட்டிருக்கான்! இப்படி ஒரு பத்துப் பேர் இருந்தா சேவலை ரசம் வச்சிடலாம்."

வியாழன் காலை. சவ அடக்க நிலையத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. இரண்டு பெயர்கள். இரண்டும் புத்தகத்தில் பார்த்தவை.

மைக் முன்னால் அந்தத் தாளை மடித்தாள், பிரித்தாள். வாசிக்காமலும் இருக்க முடியவில்லை, அவர்களும் ஒரு வீட்டு மனிதர்கள்தானே.

வெள்ளிக்கிழமை மூன்று பெயர்களை வாசித்துவிட்டு, நான்காவதாக, யாரும் எழுதித் தராத ஒரு பெயரை வாசித்தாள். "மிஸ் ஐடெல்லா கிரம்ப், எண்பத்தொரு வயது. ஆகஸ்டில் காலமானார். அன்று சொல்லத் தவறிவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டும்." சொல்லி முடித்தபோது கன்னம் நனைந்திருந்தது. மனது கொஞ்சம் லேசானது.

மத்தியானம் சாப்பிட வந்த ராய்ஸ் கேட்டான். "காலையில என்ன ஆச்சு தங்கம்? கடைசியில அரை நிமிஷம் ஒண்ணுமே வரல."

ஓடிப்போய் நிலையத்தில் அன்றைய டேப்பைப் போட்டாள். மூன்று பெயர்களும் தெளிவாக இருந்தன. அதன் பிறகு அவள் குரல் இல்லை. காலி டேப்பின் இரைச்சலும் இல்லை. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்துக் கேட்பது போன்ற நிசப்தம் மட்டும்.

சனிக்கிழமை மறுபடி வாசித்தாள். மறுபடி நிசப்தம். அவ்வளவுதான், அவளால் செய்யக்கூடியது தீர்ந்துபோனது.

ராய்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சிரிக்கவில்லை, அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். "ஊருக்கே வாசிச்சவ. என்னிக்கோ ஒருநாள் எனக்கும் நீதானே வாசிக்கணும்? ஊர்ப் பேரு, ஆளு பேரு தப்பில்லாம வாசிச்சாச் சரி."

"வாயக் கழுவு" என்று அவன் தோளில் அடித்துவிட்டு அழுதாள்.

செவ்வாய் மாலை புரூயிட் கூப்பிட்டார். முடிவு எடுத்தாயிற்று. நாளை விடிந்ததும் புறா கிடையாது. பாட்டு மாறும் முன் ஊரைத் திரும்பிப் பார்க்க வைக்க, ஒரே ஒலியை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போடுவது அந்தத் தொழிலின் வழக்கம். அதற்கு ஒரு டேப் தயாராக இருந்தது. எண்ணெயில் கோழி பொரியும் சத்தம்.

"சேவலைப் பொரிக்கிறோம்! புரியுதா? நாளைக்குக் காலையில துக்கம், பாட்டு, ஜெபம் ஒண்ணும் கிடையாது."

புறாவைக் காப்பாற்ற அவரிடம் மூன்று வருடம் மன்றாடியவள், அன்று கைகூப்பாத குறையாக நன்றி சொன்னாள். துக்கச் செய்தி இல்லை என்றால் பெயரும் இல்லை. டேப்பைக் கருவியில் மாட்டியதும் அவள்தான். சாவியைப் புரூயிட்டிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

புதன்கிழமை ராய்ஸை வேலைக்கு விடவில்லை. சமையலறை மேசையில் உட்காரவைத்தாள். சோளக்கஞ்சியில் வெண்ணெய் போட்டுக் கொடுத்தாள். ரேடியோவில் எண்ணெய் சடசடத்துக்கொண்டிருந்தது.

"நல்லா பசியக் கிளப்புறாரு உங்க முதலாளி" என்றான் ராய்ஸ்.

ஏழு முப்பத்தெட்டு. அவள் ரேடியோவை அணைத்தாள். போதாதென்று வயரையும் பிடுங்கினாள்.

சத்தம் நின்றது.

ஏழு நாற்பது.

எண்ணெய் மறுபடி சடசடத்தது. வயர் அவள் கையில்தான் இருந்தது. அறைக்குள் செம்மண் வாடை, மழை பெய்த இடுகாட்டு வாடை.

சடசடப்பு மெல்ல மாறியது. தாள் புரளும் சத்தம்.

பிறகு அவளுடைய குரல். இருபத்திரண்டு வருடமாக ஊர் கேட்ட அதே நிதானம்.

"காலை வணக்கம். இன்றைய துக்கச் செய்தி."

"ஏய், இது உன் குரல்தானே?" என்றான் ராய்ஸ். கரண்டி பாதி வழியில் நின்றது.

வெர்லீன் ரேடியோவைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அது இரண்டாகப் பிளந்தது. உள்ளேயிருந்து குரல் தடங்கலில்லாமல் வந்தது. அவள் அவனுடைய காதுகளை இரண்டு கையாலும் பொத்தினாள். "கேக்காத ராய்ஸ், கேக்காத…"

ஆனால் அவள் கேட்டாள். ஊர்ப் பேர், ஆள் பேர், தப்பில்லாமல் வாசித்தது அந்தக் குரல்.

அவள் கைகளுக்கு நடுவில் ராய்ஸின் தலை கனத்தது.

அன்று ஊரில் வேறு யாருக்கும் எண்ணெய்ச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. சேவலில் கால்பந்து. புறா இருந்த இடத்தில் கோழி. ராய்ஸ் போன செய்தியைச் சொல்ல ஆளில்லை. யாருக்காவது போன் செய்யலாம் என்றால் வெர்லீனுக்குத் தொண்டையிலிருந்து குரலே எழும்பவில்லை. சாவுச் செய்தியோடு வாரப் பத்திரிகை வெளிவந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. குழியருகே போதகர், குழி வெட்டுகிறவர், புரூயிட், அவள். ஒரு வீட்டிலும் கோழி பொரியவில்லை. பக்கத்துக் குழியின் சின்னக் கல்லில் இருந்த பெயரை அவள் படிக்கவில்லை.

வசந்தத்தில் புரூயிட் தனியாக மேரிலாந்து போனார். அங்கிருந்து போன் செய்தார். குரலில் உற்சாகமா குழப்பமா, சொல்ல முடியவில்லை.

"வெர்லீன், பாட்டு மாத்தி அஞ்சு மாசம் ஆச்சு. இங்க ரெண்டு புத்தகம் இன்னும் புறான்னே எழுதி வந்திருக்கு. ராத்திரி பகலா ஏழு நாளும். ஒண்ணு அதே ஊதா மை. இன்னொண்ணு பெரிய கட்டை எழுத்து, மெக்கானிக் பில் எழுதுற மாதிரி. டிக் எல்லாம் ஒரே கட்டத்துலதான்…"

"எந்தக் கட்டம்னு சொல்ல வேண்டாம்" என்றாள் வெர்லீன்.

"அந்தக் கட்டை எழுத்துக்காரன் கடைசிப் பக்கத்துல கருத்து எழுதியிருக்கான். வாசிக்கவா?"

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் வாசித்துவிட்டார்.

"இங்க கேக்குறவங்க நிறையப் பேர் இருக்கோம். புத்தகம் ரெண்டுதான் வந்துச்சு."