மட்கிய மரக்கட்டை

மூன்று நாள் உலர்த்தியில் கிடந்து சருகாகியிருக்க வேண்டிய காளான், காகித உறைக்குள் ஈரமாக இருந்தது. இப்போதுதான் பறித்த மாதிரி விரலில் ஒட்டும் ஈரம். காளான் ஆய்வாளர் உறையை மூடிவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று திரும்பினார். சொந்த வீட்டு மாடியறையில், பட்டப்பகலில், அவரை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் ஒரு மாதமாக அதுவே பழக்கமாகிவிட்டது.

மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. இருபது வருஷம் மழைக்காடுகளில் தவழ்ந்து, மற்றவர்கள் மிதித்துவிட்டுப் போவதற்கெல்லாம் பெயர் சூட்டியவர். இந்தத் துருநிறக் காளான் உலகத்துக்கே புதுசு. அதற்கு மைத்துனன் பெயரையே வைத்தார். கூடவே காட்டுக்கு வந்து, மழையில் வழிதவறி, தேடியும் கிடைக்காமல் போன மனைவியின் தம்பி. தங்கமான மனுஷன் என்று தெருவே உருகியது.

விவரக் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் பொய். வளர்ந்த இடம்: மட்கிய மரக்கட்டை.

மரக்கட்டை சட்டை போட்டிருக்காது. தேடலின் ஒன்பதாம் நாள், ஒரு பள்ளத்தில், மைத்துனன் குப்புறக் கிடந்தான். முதுகெல்லாம் துருநிறக் குடைகள். வெளியே சொன்னால் காட்டை அடைத்துவிடுவார்கள், பக்கத்து முகாமிலிருந்த வேறு ஆய்வாளர்கள் முந்திக்கொண்டு பெயர் வைத்துவிடுவார்கள். ஐந்து குடைகளைக் கிள்ளிக்கொண்டு, அவன்மேல் சருகைத் தள்ளிவிட்டு வந்தார்.

மனைவி படியேறி வந்தாள், கையில் கடிதம்.

"ஆய்வுக்கூடத்துல இருந்துங்க. நீங்க அனுப்பின காளானை மரத்துண்டுல வெச்சுப் பார்த்தாங்களாம், முளைக்கவே மாட்டேங்குதாம். எதுமேல வளர்ந்துச்சுன்னு சரியா சொல்லணுமாம்." சிரித்தாள். "பேருக்கு ஏத்த பிடிவாதம். அவனும் இப்படித்தான், நினைச்ச இடத்துலதான் உக்காருவான்."

அவர் தலையாட்டினார். ஜன்னல்கள் அடைத்திருந்தும், நனைந்த மண்ணும் அழுகிய இலையும் கலந்த அந்தப் பள்ளத்து வாசனை சுவரிலிருந்தே கசிவதுபோல அறையை மெல்ல நிறைத்து, நாக்கின் அடிவரை இறங்கியது.

சிரித்தவளின் கண் கலங்கியது. "உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லிடுங்க. செத்துட்டான்னாலும் தாங்கிக்குவேன். இந்தக் காத்திருப்புதான் தாங்கல."

சொல்லிவிடலாம். இப்போதே.

வாயைத் திறந்தார்.

குரல் வரவில்லை. தொண்டையில் ஏதோ நகர்ந்தது. மெத்தென்று. குளிர்ச்சியாக.

"என்னங்க... வாயில என்ன?" அவள் முகத்தை அருகே கொண்டுவந்தாள்.

தள்ளிப் போ என்று கத்தப் பார்த்தார். தாடை மூடவில்லை. கை எழவில்லை. நாக்குக்கு மேலே ஒரு குடை விரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. துருநிறப் பொடி வெயிலில் மிதந்து அவள் இமையில் படிந்தது. கன்னத்தில். உதட்டில்.

அலறுவதற்காக அவள் வாய் பிளந்து, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள்.